இரண்டு விசிலோடு நின்ற பொங்கல்

குக்கருக்குள் அரிசியும் பாசிப்பருப்பும் வெந்துகொண்டிருந்தன. மூன்று விசில் வர வேண்டும். இரண்டாவது விசிலிலேயே அடுப்பு அணைந்துவிட்டது. சிலிண்டர் காலி.

“இன்றோடு நீ மறுபடி பரணுக்குத்தான்,” என்றது குக்கரிடம், மேடைமேல் கிடந்த போன். “ஓட்டல் சாப்பாடு கட்டுப்படியாகவில்லை என்று உன்னை இறக்கினாள். நேற்று அடிப்பிடித்தாய். இன்று அரைவேக்காடு. இனி அவளுக்கு என் வழியாகத்தான் சோறு.”

குக்கர் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் உள்ளே இருக்கும் ஆவி போய்விடும்; மீதி அதில்தான் வேக வேண்டும்.

ஜெசிந்தா எரிச்சலோடு வந்தாள். குக்கரின் வெயிட்டைத் தூக்கி ஆவியை வெளியேற்றக் கையை நீட்டினாள்.

போனுக்கு அதற்குள் பொறுக்கவில்லை. பளிச்சென்று ஒளிர்ந்து, “நீங்கள் தொடாத பால், நெய் சேராத சாப்பாடு, இன்று பாதி விலை,” என்றது.

நீட்டிய கை போனை எடுத்தது. அவள் திரையைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். ஒன்று விலை அதிகம், இன்னொன்று வந்து சேர நேரமாகும். பார்த்துக்கொண்டே இருந்தாள். ஆவி மெல்ல அடங்கியது.

கடைசியில் மூடியைத் திறந்தாள். பொங்கல் குழைந்திருந்தது. தேங்காயெண்ணெய் விட்டு, மிளகுத்தூள் தூவி, நின்றபடியே சாப்பிட்டாள்.

இப்போது குக்கர் வாய் திறந்தது.

“நல்ல நேரத்தில் அவளைக் கூப்பிட்டாய்.”