ஜைனம்புவின் சான்றிதழ்

சான்றிதழைச் சரிபார்த்துத் திறக்கும் அடுக்ககத்தின் வாசல் கதவு மருத்துவச்சி ஜைனம்புவை உள்ளே விடவில்லை. அவளுடைய சான்றிதழில் அவளே கையெழுத்திட்டிருந்தாள். எந்த ஆணையமும் அவளுக்குச் சாட்சி சொல்லவில்லை.

"எட்டாம் மாடியில பிள்ளை தலை தெரியுதாம். திறந்துவிடு தம்பி."

"என் கையில இல்லக்கா," என்றான் கதவைப் பராமரிக்கும் பரணி. "ஆணையம் சாட்சி சொல்லலேன்னா, இங்க குடியிருக்கற நூத்தி அறுபத்து மூணு பேரும் உங்கள நம்பறதா சொல்லணும். இவங்க லிஃப்ட்ல முகம் பார்த்துக்கூடப் பேசமாட்டாங்க."

"கேட்டுத்தான் பாரேன்."

நம்பிக்கையில்லாமல் கதவின் வழியே எல்லாரிடமும் கேட்டான். கதவின் திரையில் சம்மதங்கள் மளமளவென ஏறின. ஒருவர் பாக்கியில்லை. கதவு திறந்தது, ஜைனம்பு ஓடினாள்.

சற்று நேரத்தில் குடியிருப்போர் எண்ணிக்கை நூற்று அறுபத்து நான்கானது. புதிய ஆளிடமும் கதவு மரியாதையாகக் கேட்டது: "இவரை நம்புகிறீர்களா?"