ஆறு வாரத்துக்கு ஓர் ஆள்

"கால் விளங்காமப் போறதுக்கு எவ்வளவு வாய்ப்பு இருக்கு?" என்று மறுபடியும் கேட்டார் வேய்ன் கிவிஸ்டோ.

அறுவை சிகிச்சை அரங்குக்கு வெளியே, திரை போட்டு மறைத்த தடுப்புக்குள், முதுகில் நாடா கட்டிய அங்கியில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். அங்கி அவருக்குப் போதவில்லை. குளிர்காலம் முழுக்க மிச்சிகனின் வடகோடிச் சாலைகளில் பனி தள்ளும் லாரி ஓட்டுகிற உடம்பை நினைத்து யாரும் அங்கி தைப்பதில்லை.

டாக்டர் புரூயிட் இளம்பெண். சலித்துக்கொள்ளாமல் மறுபடியும் சொன்னார்.

"ரொம்பக் குறைவுதான். ஆனா இல்லவே இல்லைன்னு சொல்ல மாட்டேன். புண்ணுல சீழ் பிடிக்கலாம். கால்ல ரத்தம் கட்டலாம். நரம்புல காயம் படலாம். எல்லாம் நல்லபடியா நடந்தும் வலி கொஞ்சம் மிச்சம் இருக்கலாம். பண்ணாம விட்டா, இப்பவே இழுக்குற அந்த இடது பாதம் இன்னும் மோசமாகும்."

வேய்னின் கனத்த கோட்டை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலருகே உட்கார்ந்திருந்த கேரல் குறுக்கே புகுந்தாள்.

"டாக்டர், இந்த மனுஷன் கவலைப்படுறது காலைப் பத்தி இல்ல. புண்ணு ஆறுற வரைக்கும் சௌனாவுக்குள்ள போக முடியாதே, அதைப் பத்தி. வெளிய சொல்ல வெக்கம்."

"நீ கொஞ்சம் வாயை மூடுறியா?"

ஆனால் அதிலும் பாதி உண்மை இருந்தது. சௌனா என்பது வீட்டுக்குப் பின்னால் அவரே மரம் அறுத்துக் கட்டிய நீராவிக் குளியல் அறை. கொதிக்கிற கற்கள்மேல் தண்ணீரை வீசி, ஆவியில் வெந்து சிவந்து, அப்படியே வெளியே ஓடிவந்து பனியில் விழுவார். சனிக்கிழமைதோறும் நடக்கும். ஃபின்லாந்திலிருந்து இங்கே செம்புச் சுரங்கத்துக்கு வந்த தாத்தா காலத்துப் பழக்கம்.

போன குளிர்காலத்தில் கூரைமேல் ஏறிப் பனி வாரும்போதுதான் முதுகில் ஏதோ மளுக்கென்றது. அன்றிலிருந்து லாரி இருக்கையில் சேர்ந்தாற்போல உட்கார முடியவில்லை. பிறகு பாதம் மரத்தது.

பார்த்த டாக்டர்களெல்லாம் ஆபரேஷன் என்றார்கள். வேய்ன் மாட்டேன் என்றார். காபிக் கடையில் விசாரித்தவர்களிடம், முதுகில் கத்தி வைத்துச் சக்கர நாற்காலிக்குப் போன யாரோ ஒருவரின் மைத்துனன் கதையைச் சொல்லிவைத்தார்.

அந்த மைத்துனன் யாரென்று அவருக்கே தெரியாது.

அவர் பயந்தது ஆபரேஷனுக்குப் பிறகு வரும் ஆறு வாரத்துக்கு. குனியக் கூடாது. முறுக்கித் திரும்பக் கூடாது. நாலு லிட்டர் பால் கேனைவிடக் கனமான எதையும் தூக்கக் கூடாது. காலுறை மாட்டிவிட, குளியலறைக்குக் கைபிடித்துக் கூட்டிப்போகக் கூடவே ஓர் ஆள் வேண்டும். கொஞ்சம் பிடியேன் என்று பிறந்ததிலிருந்து யாரையும் கேட்டுப் பழகாத மனிதருக்கு, கத்தியைவிட அது கூர்மையாகத் தெரிந்தது.

டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. "இப்பக்கூட வேண்டாம்னு சொல்லலாம், மிஸ்டர் கிவிஸ்டோ. யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க."

வேய்ன் கேரலைப் பார்த்தார்.

"என்னை ஏன் பாக்குற? முதுகு உன்னுது. நான் சொன்னேன்னு படுத்துட்டு, அப்புறம் ஆயுசு பூரா சொல்லிக்காட்டவா?"

பிறகு கோட்டின் காலரில் ஒட்டியிருந்த நாய்முடியை எடுத்துக்கொண்டே, குரலைத் தணித்தாள்.

"நடந்து வந்தாலும் சரி, தள்ளிக்கிட்டு வந்தாலும் சரி. நான் இங்கதான் இருப்பேன். பேஸ்டிக்குள்ள வெச்சுச் சுடக் கறி வாங்கி வெச்சிருக்கேன், வீணாக்கிடாதே."

வேய்ன் டாக்டர் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"பண்ணிடுங்க, டாக்டர்."

சொன்ன மறுகணம் உடம்பு பஞ்சானது. ஒரு வருடமாகக் கடித்துப் பிடித்திருந்த பல்லை அப்போதுதான் விட்டார் போலிருந்தது. கேரல் அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

கட்டிலைத் தள்ள ஓர் ஊழியரோடு செவிலி டெனிஸ் வந்தாள். இருவரையும் மாறிமாறிப் பார்த்தவள் முகமெல்லாம் மலர்ந்தாள்.

"உங்களைப் பாத்தாலே சந்தோஷமா இருக்கு. கல்யாணம் ஆகி எத்தனை வருஷம் ஆச்சு?"

"விவாகரத்து ஆகி ஒன்பது வருஷம் ஆச்சு" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

டெனிஸின் வாய் திறந்தபடி நின்றது. வசந்தத்தில் தன் காலாலேயே நடந்துபோய்ச் சௌனா அடுப்பை மூட்டியபோதும் அந்த முகத்தை நினைத்து நினைத்துச் சிரித்தார் வேய்ன்.

அவர் ஆபரேஷனுக்கு மாட்டேன் என்கிறார் என்ற செய்தி, விவாகரத்துக்குப் பிறகு கேரல் குடியிருந்த கிரீன் பே ஊர் வரைக்கும் யார் மூலமோ போயிருந்தது. போன வாரம், பூட்ஸில் ஒட்டிய பனியை வாசலில் உதறிக்கொண்டு பெட்டியோடு வந்து நின்றாள். "கேட்டா வேண்டாம்பே. அதான் கேக்காமலே வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு விருந்தாளி அறைக்குப் போய்விட்டாள். மறுநாள்தான் வேய்ன் மருத்துவமனைக்குப் போன் பண்ணினார்.

கட்டில் நகர்ந்தது. டெனிஸின் முகத்தைப் பார்த்துச் சிரித்ததில் வேய்னின் முதுகில் மின்னல் வெட்டியது. வலித்தது, சிரித்தார், மறுபடி வலித்தது.

பின்னால் டெனிஸ் தாழ்ந்த குரலில் கேட்டாள்: "அப்ப, ஆறு வாரம் கழிச்சு ஊருக்குக் கிளம்பிடுவீங்களா?"

"எந்த ஊருக்கு? குடியிருந்த வீட்டைக் காலி பண்ணிட்டுல்ல வந்திருக்கேன்! அந்த ஆள்கிட்ட இப்பச் சொல்லிடாதீங்க, ரத்த அழுத்தம் ஏறிடும்."

வேய்னுக்கு முதுகுதான் கெட்டிருந்தது. காது நன்றாகவே கேட்டது.