இறங்க ஓர் இடம்

"அந்த ஹெலிகாப்டரத் தூக்கிக் கடல்ல போடுங்க மாப்ள! பேசாம நம்ம கடையில வந்து உக்காருங்க."

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே முத்துக்கருப்பன் ஆரம்பித்துவிட்டார். ஆரப்பாளையத்தில் பஸ், லாரி உதிரிபாகக் கடை வைத்திருப்பவர், பாலசுந்தரத்தின் மாமனார். மூன்று நாளாகச் சாயங்காலம் ஆனால் போதும், பழங்காநத்தத்துக்கு பஸ் ஏறி வந்து இதே பாட்டு.

"தூக்கிப் போடுறதுக்கு அது என்ன மாமா, ஓட்டை வாளியா?" என்று பாலசுந்தரம் பேப்பரை மடித்து எறிந்தான்.

பம்பாய்க் கடலில் எண்ணெய்க் கிணறு தோண்டும் மேடைகளுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போய் இறக்குவது அவன் வேலை. ஆறு வாரம் அங்கே, மூன்று வாரம் வீட்டில். அந்த மூன்று வாரமும் ஊருக்குப் பதில் சொல்லியே உயிர் போய்விடும். ஆம்பளை பகலில் வீட்டில் இருக்கிறானே என்று எதிர்வீட்டுக்காரருக்குத் தூக்கம் வராது. பால்காரருக்கோ, ஒரு தடவை ஹெலிகாப்டரைத் தெருவுக்கு மேலே ஓட்டி வந்தால் என்ன என்று வருத்தம்.

இவர்களைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மாமனார் இப்படி மாறியதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. போன லீவு வரைக்கும், "ஏரோப்ளேன யார் வேணாலும் ஓட்டிரலாம்யா. அந்தரத்துல நிப்பாட்டுறவன்தான் ஆளு. எங்க மாப்ள நிப்பாட்டுவாரு!" என்று நட்டு வாங்க வந்தவனைக்கூட நிறுத்திவைத்துப் பெருமை அடித்தவர்தான் இவர்.

"எஞ்சின் நின்னு போச்சுன்னா என்ன மாப்ள செய்வீங்க?"

"ரெண்டு எஞ்சின் இருக்கு மாமா."

"ரெண்டும் நின்னுட்டா?"

"தண்ணியில இறக்கிருவேன். மிதவை இருக்கு."

"மிதவை கிழிஞ்சுட்டா?"

"லைஃப் ஜாக்கெட் போட்டிருப்போம்."

"அதுவும் வேலை செய்யலன்னா?"

"செத்துப் போவேன்! போதுமா?"

"என்னங்க இது, வெள்ளிக்கிழமையும் அதுவுமா!" என்று நாகலக்ஷ்மி அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள்.

"அதத்தாம்மா நானும் சொல்றேன். மாப்ள, உங்கள நெனச்சு இவ ராத்திரி பூராத் தூங்குறதில்ல."

"நான் எப்பப்பா அப்படிச் சொன்னேன்? படுத்தா விடிஞ்சுதான் முழிக்கிறேன்."

"நீ சும்மா இரு கழுத!" என்று மகளை அடக்கிவிட்டு அவர் மறுபடி இவன் பக்கம் திரும்பினார். "எனக்கும் முழங்கால் போயிருச்சு மாப்ள. கடையில அம்புட்டுச் சாமானையும் ஏறி இறங்கி எடுக்க முடியல. நீங்க வந்தா நான் ஒரு ஓரமா உக்காந்துக்குவேன்."

பாலசுந்தரத்துக்குப் பொறுமை போய்விட்டது.

"என் வேலையப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்? மழைக்காலத்துல கடல் எது வானம் எதுன்னு தெரியாது. அதுக்கு நடுவுல கல்யாண மேடை அம்புட்டு இடத்துல இறக்கணும். காத்து ஒரு பக்கம் இழுக்கும், பக்கத்துலயே கிரேன் நீட்டிக்கிட்டு நிக்கும். பின்னால பத்துப் பன்னெண்டு பேரு மூச்சு விடாம உக்காந்திருப்பாங்க. இறங்குனதும் திரும்பிப் பாத்து ஒரு கையாட்டுவாங்க பாருங்க... அத விட்டுட்டு என்னைய வந்து போல்ட்டு விக்கச் சொல்றீங்க!"

அந்தக் கையாட்டலை இனி அவன் பார்க்கப்போவதில்லை.

பம்பாயில் நடந்த வழக்கமான உடல் பரிசோதனையில் இடது கண்ணின் ஓரப் பார்வை மங்கிவிட்டது என்று சொல்லி, லைசென்ஸை நிறுத்திவிட்டார்கள். ஒருவேளை அவர்கள் தப்பாகப் பார்த்திருப்பார்களோ என்று நப்பாசை. பாங்குக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு இங்கே ஒரு டாக்டரிடம் காட்டினான். அவரும் அதையேதான் சொன்னார். லீவை நீட்டித்திருக்கிறார்கள் என்று மனைவியிடம் புளுகியாகிவிட்டது. அந்தரத்தில் நிற்கிறவன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த மாமனாரிடம் போய், வேலை போச்சு, பிழைப்புக்கு வழி காட்டுங்கள் என்று எந்த வாயால் கேட்பது? நினைத்தாலே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது.

கிழவர் எதிரே முழங்காலைத் தடவிக்கொண்டு பாவமாக உட்கார்ந்திருந்தார். பாலசுந்தரத்துக்குச் சட்டென்று உறைத்தது. கேட்க வேண்டியதையெல்லாம் அவரே கேட்டுக்கொண்டிருக்கிறார்; இவன் பெரிய மனது பண்ணினால் முடிந்தது!

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான்.

"சரி மாமா. இம்புட்டுத் தூரம் கெஞ்சுறீங்க. உங்களுக்காக விடுறேன். ஆனா ஒண்ணு, கம்பெனிக்காரங்க ரொம்ப வருத்தப்படுவாங்க."

"படாம இருப்பாங்களா மாப்ள? உங்கள மாதிரி ஒரு ஆளு கிடைக்கணுமே!"

நாகலக்ஷ்மி இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, காபி போட உள்ளே போனாள்.

மாமனாரை பஸ் ஏற்றிவிட பாலசுந்தரமும் கூடவே நடந்தான். பல நாள் கழித்து அன்றைக்குத்தான் அவனுக்கு மூச்சு ஒழுங்காக வந்தது. மானமும் போகவில்லை, பிழைப்பும் கிடைத்துவிட்டது. விவரமான மனிதர் என்று பெயர், இவ்வளவு சுலபமாக ஏமாந்துவிட்டாரே என்று அவர் மேல் கொஞ்சம் இரக்கம்கூட வந்தது.

பஸ் வந்தது. முத்துக்கருப்பன் முழங்கால் வலி எதுவும் இல்லாமல் விறுவிறுவென்று ஏறி, படியில் நின்று திரும்பினார்.

"வாரேன் மாப்ள. லட்சுமிகிட்ட நான் மூச்சு விடல. செவ்வாய்க்கிழமை கண்ணாஸ்பத்திரியில உங்களுக்குப் பின் பெஞ்சுல நான்தான் உக்காந்திருந்தேன். டாக்டர் சொன்ன சொட்டு மருந்த மட்டும் விடாமப் போடுங்க."