மனசுள்ள இயந்திரம்

ஹவானா சுருட்டு ஆலையில், சுருட்டு சுற்றுபவர்களுக்கு உட்கார்ந்து கதை வாசிப்பதுதான் எவெலியோவின் வேலை. அந்த வாரம், மனசுள்ள ஓர் இயந்திரத்தின் கதை. அதை மனிதர்கள் அடித்து நொறுக்கும் இடம் வந்தபோது எல்லோரும் அழுதார்கள். இலை வெட்டும் கத்தியால் பலகையைத் தட்டிப் பாராட்டினார்கள்.

அடுத்த திங்களன்று, அவர்கள் வேலையைப் பறிக்கப்போகும் சுருட்டு சுற்றும் இயந்திரம் ஆலையில் வந்து இறங்கியது. வந்தால் உடைப்போம் என்று சபதம் போட்டிருந்த தொழிலாளர்களில் ஒருவன் சுத்தியலை ஓங்கினான்.

அவனோடு சுருட்டு சுற்றும் ஒமாரா அவன் கையைப் பிடித்தாள். "வேணாம்டா. அந்தக் கதையைக் கேட்டப்புறம் மனசு வரல."

சுத்தியல் இறங்கியது.

எவெலியோ முதலாளியின் அறைக்கு ஓடினார். "நீங்க குடுத்த கதை வேலை செஞ்சிருச்சு முதலாளி. இவங்க எல்லாரும் போனாலும், என் வேலை இருக்கும்ல?"

முதலாளி சுருட்டைப் பற்றவைத்தார்.

"இயந்திரம் கதை கேக்காதேய்யா."