பதின்மூன்றாவது படம்

என் வீட்டுப் பராமரிப்பு வலைப்பூவுக்கு இது ஆறாவது வருடம். ஜனவரி முதல் தேதி காலையிலேயே, அந்த வருடம் சீர்செய்யப் போகும் பன்னிரண்டு இடங்களைப் படமெடுத்துப் போட்டுவிடுவேன். வேலை முடிந்ததும் அதே இடத்தில் நின்று இன்னொரு படம். இரண்டு படமும் இல்லாமல் எந்த இலக்கையும் முடிந்ததாகக் குறித்ததில்லை. அதில் நான் பிடிவாதக்காரி.

இந்த வருடமும் பன்னிரண்டுதான் எடுத்தேன். கணினியில் ஏற்றியபோது பதின்மூன்று இருந்தன. கடைசிப் படத்தில் எங்கள் நடைவழி, அதன் கோடியில் ஒரு நீலக் கதவு. அங்கே இருப்பது வெறும் சுவர்.

"வேற யார் வீடாவது இருக்கும்," என்றார் கணவர்.

"தரையைப் பாருங்க. போன வருஷம் நீங்க டிரில்லைப் போட்டு உடைச்ச டைல்."

அவர் படத்தைப் பெரிதாக்கி அந்த டைலைப் பார்த்தார்.

பதின்மூன்றாவது இலக்கையும் சேர்த்தேன்: கதவைத் திறப்பது.

"எதுக்கு வம்பு? நல்லா இருக்கிற சுவரு."

"பட்டியல்ல போட்டாச்சு. இனி விடமாட்டேன்."

சுத்தியலோடு போய்ச் சுவர்முன் குந்தினேன். பூச்சுவேலை முடித்தால், ஈரம் காயுமுன் கீழ்மூலையில் கட்டைவிரலைப் பதிப்பது என் வழக்கம். இந்தச் சுவரைப் பூசியது கொத்தனார். ஆனாலும் மூலையில் ரேகை இருந்தது. என் விரலை வைத்தேன், அச்சாகப் பொருந்தியது.

அதை ஒட்டி இன்னொரு கட்டைவிரல் ரேகை, என் சுண்டுவிரல் நுனியளவுக்கு.

எங்களுக்குக் குழந்தை கிடையாது.

கணவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு கையை நீட்டினார்.

"சுத்தியலைக் கொடு. நானே உடைக்கிறேன்."