உதட்டில் படாத ஒயின்

பதினொரு மணி வெயில் ஒயின் ருசி பார்க்கும் கூடத்துச் சன்னலைத் தாண்டி வந்து, மேஜையில் வரிசையாக நிற்கும் கிளாஸ்களில் சிவப்பாக இறங்கியிருக்கிறது. இரு வீட்டாரும் இங்கேயே பேசி முடிக்கலாம் என்றவர் மாப்பிள்ளை மத்தியோவின் அப்பா ரொபேர். புதுச்சேரித் தமிழர், பிரெஞ்சு ராணுவ பென்ஷன்காரர், வியர்க்க வியர்க்க டை கட்டியிருக்கிறார். கம்பத்து ஒயின், நாசிக் ஒயின் என்று ஒவ்வொன்றுக்குள்ளும் மூக்கை நுழைத்துக் கண்ணை மூடுகிறார். "ஈர மண்ணு... பழைய தோலு..." மழையில் நனைந்த செருப்பைச் சொல்கிறார் போலிருக்கிறது. ஊற்றித் தரும் பெண் பயபக்தியோடு தலையாட்டுகிறாள். மத்தியோவைக் கட்டிக்கொள்ள மூன்று வருடமாகக் காத்திருக்கும் கவிநிலாவுக்கு ரொபேரின் சம்மதம் ஒன்றுதான் பாக்கி. அவள் அப்பா தமிழ்மாறன், முதலியார்பேட்டைக்காரர், மில்லில் தறி ஓட்டியவர், தன் கிளாஸை எடுக்கிறார். அண்ணாந்து, ஒரு சாண் உயரத்திலிருந்து, உதட்டில் படாமல் ஊற்றிக்கொள்கிறார். ஒரு சொட்டு சிந்தவில்லை. "அப்பா..." என்கிறாள் கவிநிலா, தரையைப் பார்த்துக்கொண்டு. "அடுத்தவங்க கிளாசும்மா. எச்சி பண்ணக் கூடாதுல்ல." ரொபேரின் மனைவி செசில் அவர் பக்கம் திரும்புகிறாள்: "பாருங்க, அவரு குடிச்சே முடிச்சிட்டாரு. நீங்க அரை மணியா மோந்துக்கினே இருக்கீங்க." ரொபேர் தன் கிளாஸைப் பார்க்கிறார். மெல்ல அண்ணாந்து, கையை உயர்த்தி ஊற்றுகிறார். பாதி வாய்க்குப் போகிறது, பாதி டைக்கு. துடைக்காமல் கிளாஸை நீட்டுகிறார்.

"பழக்கம் விட்டுப்போச்சு. இன்னொரு தரம் ஊத்திக் காமிங்க, சம்பந்தி."