பதினாலு கிலோ

தங்கை ஹெப்சிபாவை அடக்கம் செய்த ஒன்பதாம் நாள், அவள் முகம் சமையலறைச் சுவர்த்திரையில் விளம்பரமாக வந்து சிரித்தது.

“இந்த மூலிகைப் பொடியைக் குடிச்சேன். நாப்பதே நாள்ல பதினாலு கிலோ குறைஞ்சுட்டேன்.”

பக்கத்திலேயே அரசாங்கத்தின் பச்சை முத்திரை: உண்மை.

ஜெபராணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பொடிதான் கல்லீரலைக் கெடுத்துவிட்டது என்று டாக்டர் எழுதியே கொடுத்திருந்தார். முத்திரை குத்தும் அலுவலகத்தை அழைத்துக் கத்தினாள்.

“எடை குறைஞ்சது பொய்யாம்மா? ஆஸ்பத்திரியில எடை பாத்த சீட்டே இருக்கு” என்றது இயந்திரக் குரல், கொஞ்சமும் பதறாமல்.

“சாகக் கெடந்த பிள்ளை மெலியாம என்ன செய்யும்? அவ செத்துப்போயிட்டா. அதையும் சேத்துப் போடு.”

“விளம்பரத்துல சொன்னது உண்மையான்னு மட்டுந்தான் பாப்போம். சொல்லாம விட்டது எங்க வேலை இல்ல.”

ஜெபராணி இணைப்பைத் துண்டித்தாள். சுவரில் ஹெப்சிபா இன்னும் பேசிக்கொண்டிருந்தாள்.

“கல்யாணத்துக்குள்ள நான் மெலியணும்னு, பச்சை முத்திரையைப் பாத்து எங்க அக்காதான் இதை வாங்கித் தந்தா.”

முத்திரை மறுபடியும் பளிச்சிட்டது: உண்மை.